துப்பிய கொட்டை கடல் தாண்டிய கதை

கிழவி ஒருத்தி திருமழிசையாழ்வார் அருளால் குமரியானாள். அதைப் பார்த்த பல்லவ மன்னனுக்கும் இளமை ஆசை வந்துவிட்டது. அந்த ஆசையில் ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனிடம் தன்னைப் பாடச் சொன்னான்; மறுத்தவரை நாடு கடத்தினான். சீடரோடு ஆழ்வாரும், ஆழ்வாரோடு பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு திருவெஃகா பெருமாளும் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் ஓர் இரவு தங்கிய 'ஓரிரவிருக்கை'தான் தேய்ந்து ஓரிக்கை என்ற ஊர்ப்பெயர் ஆயிற்று என்பது வைணவ மரபு.

இளமைக்கு மருந்து தேடிய காலம் போய், இப்போது தேடுவது சர்க்கரைக்கு. விநாயகர் சதுர்த்திக்குப் படைத்த நாவல் பழத்தை நாக்கு ஊதாவாகத் தின்றுவிட்டு, கொட்டையை மட்டும் கழுவி முறத்தில் காயவைக்கிற வீடுகள் உண்டு. இடித்துச் சலித்த பொடி நாக்கில் பட்டால் துவர்ப்பு வாயையே இழுத்துப் பிடிக்கும்.

இந்தப் பொடிக்கு ஒருகாலத்தில் ஐரோப்பாவில் ஏக கிராக்கி. 1880-களில் 'ஜம்புல்' என்ற பெயரில் அங்கே மருந்துக் கடையேறியது. 1889-இல் ஜெர்மானிய மருத்துவர் கிரேசர் நாய்களுக்கு ஃபுளோரிசின் கொடுத்து, சிறுநீரில் சர்க்கரை போகும்படி செய்து, பிறகு ஜம்புல் கொடுத்தார். சர்க்கரை குறைந்தது. ஆனால் ஃபுளோரிசின் உண்டாக்குவது நிஜ நீரிழிவு அல்ல. ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையில் கிடைக்கும் அது, சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தடுப்பு வேலையே பின்னாளில் மருந்தாகிவிட்டது: இன்று டாக்டர்கள் எழுதித் தரும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளுக்கு மூதாதை ஃபுளோரிசின்தான். நோயை வரவழைக்கக் கொடுத்த பொருள் மாத்திரையாயிற்று. மருந்தாக வந்த கொட்டை பின்தங்கிவிட்டது.

1922 ஜனவரியில் டொரோன்டோவில் 14 வயதுச் சிறுவன் லியோனார்டு தாம்ப்சனுக்கு இன்சுலின் போட்டார்கள். அதன்பின் ஜம்புலை யார் சீந்துவார்கள்?

மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்ட விதை என்றால் வெந்தயத்தைச் சொல்லலாம். 1990-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆர்.டி. சர்மா குழுவினர், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகளுக்கு எண்ணெய் நீக்கிய வெந்தயப் பொடியைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தார்கள். பத்து நாளில் சிறுநீர்ச் சர்க்கரை 54 சதவீதம் இறங்கியது. ஊறினால் கொழகொழவென்று ஆகிற அதன் நார்ச்சத்து, குடலில் சர்க்கரை சேரும் வேகத்தைக் குறைக்கிறது. இன்சுலினை யாரும் நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவர்கள் கொடுத்த அளவு தினம் 100 கிராம். இட்லி மாவுக்கு நாம் ஊறப்போடுவது ஒரு ஸ்பூன்.