சார்பு (சொற்பொருள் தெளிவு)

சார்பு என்பது, ஒரு சொல்லோ கூற்றோ எப்பொருளில் ஆளப்பட்டது என்பதை உணர்த்தும் சூழலைக் குறிக்கும் இலக்கணக் கலைச்சொல்லாகும்; இக்காலத் திறனாய்வில் சூழமைவு, பின்புலம் என வழங்குவனவும், ஒன்றை அதன் சூழலில் வைத்துக் காட்டும் செயலாகிய சூழமைவுபடுத்தலும் இதனோடு நெருங்கியவை. பல பொருள் தரும் ஒரு சொல், தான் கொண்டு முடியும் வினையாலும், அருகில் வரும் இனச்சொல்லாலும், சார்பாலும் தெளிவுபெறும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் கூறுகிறது. வினையால் வேறுபடாத சொல்லை வெளிப்படையாகக் கிளந்து கூற வேண்டும் என்றும், ஒரு பொருளை மனத்திற் குறித்தவனே அதைத் தெரியச் சொல்ல வேண்டும் என்றும் அது விதிப்பது, தெளிவின் பொறுப்பைக் கேட்பவர்மீது சுமத்தாத சிறப்புடையது.

இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், குறிப்பாகக் கரைவலைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற உடப்பில், இவ்விதியின் தேவை நன்கு புலப்படும். பாடு என்னும் சொல் பொதுவழக்கில் துன்பத்தையும், ஏவலாக வருமிடத்து இசைத்தலையும் குறிக்க, கரைவலைத் தொழிலிலோ ஒரு வலையை வளைத்து இழுப்பதற்குரிய கரைப்பகுதியைக் குறிக்கிறது. பூநகரிக் கரையிலுள்ள வலைப்பாடு என்னும் ஊர்ப்பெயரிலும் இச்சொல்லைக் காணலாம். வேற்றுமை உருபு ஏற்கையில் பாடு, பாட்டு ஆகிய இரண்டும் ‘பாட்டில்’ என்றே ஆவதால் மயக்கம் மிகும். ‘பாட்டில் வலை வளைத்தனர்’ என்னும்போது வினை அதைத் தீர்த்துவிடும். ‘மடி நிறைந்தது’ என்பதிலோ வினை உதவாது; ஏனெனில் மீன் திரளும் வலையின் பை, பசுவின் பால்மடி, அமர்ந்தவரின் மடி ஆகிய மூன்றும் நிறையக்கூடியன. கரையில் நின்று கேட்பவருக்குச் சார்பே போதும், எழுத்தில் படிப்பவருக்கு ‘வலையின் மடி’ எனக் கிளத்தல் வேண்டும்.

இக்கரையோரத்துக் கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை இடவிளக்க அகராதி, ஊர், ஆறு முதலியவற்றின் பெயர்களை வெறும் பட்டியலாக நிறுத்தாமல், அவ்வவ்விடத்துச் செய்திகளோடு இணைத்து, எழுத்தில் படிப்பவருக்கு அவற்றின் சார்பையும் சேர்த்துத் தந்தது.

உடப்பு மீனவர் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களைத் தொகுப்போருக்கும் இவ்வாறு சார்பைச் சேர்த்துத் தரும் கடமை உண்டு. ஒருவர் முன்னெடுக்க மற்றையோர் ஏற்றுப் பாடும் அப்பாடல்களின் அடிகள் இழுவையின் விசைக்கேற்ப அமைந்தவை. பொருளற்றனவாகத் தோன்றும் ஒலிகளும் அங்கே எல்லோரும் ஒருசேரக் கயிற்றை இழுப்பதற்குப் பயன்படுவன. ஆகவே சொற்களை மட்டும் அச்சிடும் தொகுப்பு குறையுடையது. வலை கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தபோது, எத்தகைய இழுவைக்காக ஒரு பாடல் பாடப்பட்டது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.