ஐப்பசிக்குள் கிளம்பு!

திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் வரும்போது, பெரம்பலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். 'ஏதோ பழைய கோட்டை' என்று பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வோம். 1751-ல் இந்த வட்டாரத்தில்தான் சந்தா சாகிப் படையும் முகமது அலி படையும் மோதிக்கொண்டன. ஆற்காடு நவாப் நாற்காலிக்கான சண்டை. முன்னவருக்கு முதுகில் தட்டிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பின்னவருக்கு இங்கிலீஷ்காரர்கள்.

கோட்டை உச்சியில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பருத்தியும் சோளமும்தான். கடல் நூறு கிலோமீட்டர் தள்ளி. ஆனால், இந்த மண் கடைசியில் யாருக்கு என்று தீர்த்துவைத்ததில் கடலுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னும் சரியாகச் சொன்னால், கப்பல் ரிப்பேருக்கு!

நம் கிழக்குக் கரையில் அன்று சென்னையிலோ புதுச்சேரியிலோ துறைமுகமே கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று கிளம்பினால் அவ்வளவுதான். ஒதுங்க இடமில்லை. 1746-ல் சென்னையைப் பிடித்த லா போர்தொனே, அக்டோபர் பாதிவரை அங்கேயே நின்றார். ஒரே ராத்திரிப் புயல் அவருடைய கப்பல் படையைச் சின்னாபின்னமாக்கியது.

அதனால் வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு முன் கிளம்பிவிட வேண்டும். போன இடத்தில் சும்மா உட்கார முடியுமா? கடலில் கிடந்த மரக்கப்பலைப் புழு துளைத்திருக்கும். அடியில் பாசியும் சிப்பியும் அப்பி, வேகத்தைக் குறைத்திருக்கும். பீரங்கிகளை இறக்கி, கப்பலைச் சாய்த்து, சுரண்டி, உளுத்த பலகையை மாற்றி, இடுக்குகளில் நார் திணித்துத் தார் பூச வேண்டும். கிழிந்த பாய், முறிந்த பாய்மரம், நைந்த கயிறு எல்லாம் புதுசாக வேண்டும். சித்திரை வாக்கில் யார் முதலில் தயாராகித் திரும்புகிறாரோ, அந்த வருஷக் கடல் அவர் கையில்!

இங்கிலீஷ்காரர்களுக்கு பம்பாய் இருந்தது. சூரத்திலிருந்து 1736-ல் வந்த பார்சித் தச்சர் லவ்ஜி நஸ்ஸர்வான்ஜி வாடியாவின் கைவண்ணத்தில், 1750-ல் அங்கே உலர்துறை தயாராகிவிட்டது. தண்ணீரை வெளியேற்றிவிட்டு, கப்பலின் அடிவயிற்றை ஆற அமர செப்பனிடலாம். பக்கத்திலேயே மலபார் தேக்கு.

பிரெஞ்சுக்காரர்களுக்கு? நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மொரீஷியஸ். போனால் அங்கே சோற்றுக்கே தட்டுப்பாடு!

1758 செப்டம்பரில், தளபதி லாலி எவ்வளவோ தடுத்தும், கப்பல் படைத் தலைவர் தாஷே மொரீஷியஸ் கிளம்பிவிட்டார். கப்பல் துணையில்லாமலே லாலி சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் இங்கிலீஷ் கப்பல்கள் உதவிக்கு வந்து நிற்க, மூட்டை கட்டவேண்டியதாயிற்று. பம்பாய் போயிருந்த இங்கிலீஷ் அட்மிரல் போகாக், ரிப்பேர் முடித்து ஏப்ரலிலேயே ஆஜர். தாஷே வந்தது செப்டம்பரில்! ஒரு சண்டை போட்டார். அடிபட்ட கப்பல்களோடு அக்டோபர் வாக்கில் மறுபடி கிளம்பினார். அப்புறம் வரவேயில்லை.

1760 மழைக்காலத்தில் இங்கிலீஷ்காரர்கள் முறையை மாற்றினார்கள். ஒரு பகுதிக் கப்பல்கள் திருகோணமலையில் ரிப்பேருக்கு. மீதி புதுச்சேரியை மறித்து நிற்க. 1761 புத்தாண்டன்று அடித்த புயலில் பல கப்பல்கள் போயின. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ஆனாலும் சில நாளிலேயே முற்றுகை மறுபடி இறுகியது. ஜனவரி 16-ல் பசியால் துவண்ட புதுச்சேரி சரணடைந்தது.

எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது என்று இருபத்தைந்து வருஷம் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, அதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடினார். எழுத வேண்டிய அந்த ஒரு கப்பல் வரவே இல்லை.

அடுத்த தடவை ரஞ்சன்குடியைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். கத்தி பிடித்தவர்கள் இங்கே மோதிக்கொண்டிருந்த காலத்தில், பம்பாயில் உளி பிடித்தவர்கள் பலகை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு.