தெருப்பெயர்களே வழிகாட்டும் பேட்டை

பெங்களூரின் பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டி ஒருவரை அமர்த்த வேண்டியதில்லை. தெருப்பெயர்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். முதலாம் கெம்பே கௌடர் 1537இல் மண்கோட்டையும் பேட்டையும் அமைத்தபோது தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் குறுக்கிட்ட நாற்சந்தியே நகரின் நடுவிடமாயிற்று. அத்தொட்டபேட்டைதான் இன்றைய அவென்யூ சாலை.

நடையைத் தெற்கே, கிருஷ்ணராஜேந்திரர் சந்தைக்கு அருகில் எஞ்சியுள்ள கோட்டை வாயிலில் தொடங்கலாம். மண்ணாலிருந்த அக்கோட்டையை 1761இல் ஹைதர் அலி கல்லால் எழுப்பினார். 1791 மார்ச் 7 அன்று காரன்வாலிஸின் படை பேட்டையைக் கைப்பற்றியது. 21ஆம் நாள் இரவில் கோட்டையும் வீழ்ந்தது. மதில் உடைபட்ட இடத்தை ஒரு பலகைக்கல் இன்றும் குறித்து நிற்கிறது. பேட்டையைச் சூழ்ந்திருந்த அரண் மறைந்துவிட்டது. 'ஹலசூரு கேட்' என்னும் பெயர் மட்டும் வாயிலில்லாமலே வழங்கி வருகிறது.

வடக்கு நோக்கி நடப்பவர் இருபுறமும் தொழில்களின் பெயர்களைக் காண்பார். அக்கிபேட்டையின் 'அக்கி' தமிழின் அரிசி. பளேபேட்டையின் 'பளே' தமிழின் வளை. நகர்த்தபேட்டை வணிகக் குழுவினரின் பெயரால் அமைந்தது. வணிகர் அவையை 'நகரம்' என்றழைக்கும் வழக்கம் தமிழ்க் கல்வெட்டுகளிலும் உண்டு. தமிழர் ஒருவருக்கு இப்பெயர்கள் எளிதில் விளங்கும். அந்த எளிமையே ஒரு தவறான முடிவுக்கும் இட்டுச் செல்கிறது. கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்னும் மேடைக்கூற்று இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டே எழுகிறது. இந்நகரில் அதன் விளைவு கசப்பாகவே இருந்துள்ளது.

தெருப்பெயர்கள் அக்கூற்றை ஏற்கவில்லை. ஹலசூரின் 'ஹலசு' பலாவைக் குறிக்கும். அங்கே பழைய பகரத்தைக் காத்தது தமிழ். கன்னடத்தில் அது ஹகரமாயிற்று. ஆனால் ஏரியைக் குறிக்கும் 'கெரெ' என்னும் கன்னடச் சொல்லுக்கு இனமான தமிழ்ச்சொல் 'சிறை'. இங்கே பழைய ககரத்தைக் காத்தது கன்னடம், மாறியது தமிழ். 'கிவி', 'செவி' என்னும் இணையும் அவ்வாறே. தாய்மொழி இழந்துவிட்ட ஒலியை மகள்மொழி தாயிடமிருந்து பெற்றிருக்க இயலாது. இரண்டும் பொதுவான ஒரு மூலமொழியின் பிள்ளைகள் என்பதே இதன் பொருள்.

அவென்யூ சாலையின் கிழக்கே திகளர்பேட்டையும் தர்மராயர் கோயிலும் உள்ளன. பழங்கன்னட வழக்கில் 'திகுளர்' என்பது தமிழரைச் சுட்டிய சொல். தோட்டத்தொழிலில் பெயர்பெற்ற திகளர் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவில் நடத்தும் கரக ஊர்வலம், காட்டன்பேட்டையிலுள்ள மஸ்தான் தர்காவிலும் நின்று செல்கிறது. பெங்களூரில் தமிழர் வரலாறு 1809இல் ஆங்கிலேயர் பாசறை அமைத்ததோடு தொடங்கியது என்பார் இத்தெருவைப் பார்க்க வேண்டும். தமிழர் இங்கே நெடுங்காலமாக வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. டொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும் அவற்றுள் அடங்கும். அதே அளவு உறுதியானது வேறொன்று: 'பெங்களூரு' என்னும் பெயரை முதன்முதலாகத் தாங்கி நிற்பது ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த பேகூரின் கன்னட நடுகல். வெந்த அவரையைத் தந்த கிழவியும் ஹொய்சள மன்னனும் இடம்பெறும் பெயர்க்கதையைவிட அக்கல் பழையது.

நடையை மேற்கே, மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் முடிக்கலாம். அங்கே இருந்தது தர்மாம்புதி கெரெ. நீர் போயிற்று, சாலைப்பெயர்களும் ஒவ்வொன்றாக மாறிவருகின்றன. தொட்டபேட்டை அவென்யூ சாலையானபோது எவரும் ஒரு கல்லையும் பெயர்க்கவில்லை. ஆயினும் நகரின் நடுத்தெரு எதுவென்று சொல்லிவந்த சான்று அன்றே மறைந்தது. எஞ்சிய பெயர்களைக் காப்பது தமிழர், கன்னடர் இரு திறத்தார்க்கும் பொதுக்கடமை. அவை இரு திறத்தாரின் வரலாற்றுக்கும் ஆவணங்கள்.