எட்டணா விக்கெட்

திருப்பூரில் பீஸ் ரேட்டு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நோட்டைத் திறந்து, எத்தனை பீஸ், பீஸுக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால்தான் இங்கே வாரம் முடியும். இதே கணக்கில் கிரிக்கெட் பந்து போட்ட ஒருவர் இருந்தார். பல்வங்கர் பாலூ.

1876-இல் தார்வாட்டில் பிறந்தவர், சமார் சாதி. அப்பா பட்டாளத்தில் சிப்பாய். பூனாவில் பார்சிகளின் கிளப்பில் பிட்ச் பெருக்கி, உருளை இழுத்து மாதம் மூணு ரூபா. பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் நாலு ரூபா. அங்கே கேப்டன் கிரெய்க் என்ற பேட்ஸ்மேன் தினமும் சீக்கிரமே வந்து பாலூவைப் பந்து போடச் சொல்வார். தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்று சொல்வார்கள். நம்மூர்க் கணக்கில் போட்டுப் பாருங்க: எட்டு விக்கெட் எடுத்தால் ஒரு மாசச் சம்பளம்!

இடக்கை ஸ்பின் அப்படித்தான் கூர்மையானது. ஆனால் அந்த வலைப்பயிற்சியில் பாலூ கையில் ஒருமுறைகூட பேட்டைக் கொடுக்கவில்லை. பந்து போடுவது வேலை, பேட் பிடிப்பது துரைகளின் விளையாட்டு.

பூனாவின் இந்துக்களுக்கு வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும், அதற்கு இவர் வேண்டும். டீமில் சேர்த்தார்கள். மைதானத்தில் எல்லோரும் அதே பந்தைத் தொட்டார்கள். டீ இடைவேளை வந்ததும் அவர் பெவிலியனுக்கு வெளியே நிற்க வேண்டும். டீ மண்குவளையில் வரும். பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்கு உண்டு. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பிளேக் காலத்தில் பம்பாய் போனார். ரயில்வே வேலை, ரயில்வே டீம். 1906-இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன்னில் தோற்கடித்த ஆட்டத்தில் எட்டு விக்கெட் அவருடையது. 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன டீம் அடி வாங்கித் திரும்பியது. பாலூ மட்டும் 114 விக்கெட்டோடு வந்தார்.

அவ்வளவு எடுத்தவரைக் கேப்டனாக்கினார்களா? இல்லை. 1920-இல் அவரை டீமை விட்டே எடுத்தபோது தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினார்கள். இங்கே அதை ஸ்டிரைக் என்போம். கடைசியில் பாலூவைத் துணைக் கேப்டனாகச் சேர்த்துக்கொண்டார்கள். கேப்டன் மைதானத்தை விட்டு வெளியே போன நேரத்தில் டீமை நடத்தினார். 1923-இல் விட்டல் முழுக் கேப்டன், அந்த வருஷம் இந்துக்கள் ஜெயித்தார்கள்.

பிறகு அரசியல். 1932 பூனா ஒப்பந்தத்தில் நம்ம எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன் கையெழுத்துகளோடு இவருடையதும் இருக்கிறது. 1937-இல் பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் இவரை நிறுத்தியது, எதிரே அம்பேத்கர். பாலூவின் ஆட்டத்தைப் போற்றி வளர்ந்தவர் அம்பேத்கர். காங்கிரஸ் அவருக்கு எதிராகத் தேடிப்பிடித்த ஆளும் பாலூதான் என்பது எனக்கு உறுத்துகிறது. ஓட்டு 13,245-க்கு 11,225. அம்பேத்கர் ஜெயித்தார்.

பாலூ 1955-இல் இறந்தார். முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட் 179. பேட்டிங் கணக்கும் இருக்கிறது: 753 ரன்.