குந்தாவின் மழையும் சாண்டிநல்லாவின் ஆடுகளும்

குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகளில் ஒன்று அவலாஞ்சி. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. உதகைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் அது பாதிக்கும் மேல். ஒரே மலைதான், ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதுவது குந்தாப் பக்கம், வடகிழக்குப் பருவமழையை வாங்கிக்கொள்வது குன்னூர், கோத்தகிரிப் பக்கம். மாவட்டம் முழுவதற்கும் ஒரே மழைச் சராசரி சொன்னால் அது எந்த ஊருக்கும் பொருந்தாது. ஊருக்கொரு சராசரி என்று பிரித்தாலோ, நான்கைந்து ஆண்டுப் பதிவு மட்டுமே உள்ள மழைமானி ஓர் அடைமழையில் நம்மை ஏமாற்றிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ஒவ்வோர் ஊரையும் தனியாகவும், மலையின் உறுப்பாகவும் ஒருசேரப் பார்ப்பது அது. புள்ளியியலில் அதற்குக் கலப்பு மாதிரி என்று பெயர். இன்று கோடிக்கணக்கான பதிவுகளில் அது ஓடுவதைப் பார்ப்பவர்கள் அதைக் கணினியின் பிள்ளை என்றே எண்ணுவார்கள். அதன் வரலாறு காட்டுவது வேறு: கணினியின் வேகத்தைவிட அதை அதிகம் வளர்த்தது, எது எதைச் சேர்ந்தது என்று குறித்துவைத்த பதிவேடு.

தொடக்கம் வானியலில். ஒரே நட்சத்திரத்தை ஒரே ஆள் அளந்தாலும், இரவுக்கு இரவு அளவுகள் கொத்தாக விலகுவதை 1861இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி தம் நூலில் கணக்கில் எடுத்துக்கொண்டார். இரவினால் வரும் பிழை வேறு, அதே இரவுக்குள் அளவுக்கு அளவு வரும் பிழை வேறு. 1918இல் ரொனால்டு ஃபிஷர் உறவினர்களுக்கிடையே உள்ள ஒப்புமையை ஆராய்ந்து, வேறுபாட்டை அதன் காரணங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று காட்டினார். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ், அடுத்த சில ஆண்டுகளில் வங்காளச் சணல் வயல்களை மாதிரிக் கணக்கெடுப்பால் அளக்க முற்பட்டார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பினார். வயலின் வேறுபாடு எவ்வளவு, அளக்கப்போனவரின் கை எவ்வளவு என்று பிரித்தறிய அது உதவியது. ஆனால் எந்தத் தாளை எந்தக் குழு எழுதியது என்று குறித்திருந்தால்தான் அந்தப் பிரிப்பு நடக்கும்.

இந்த வழி முழுவடிவம் பெற்ற இடம் கால்நடைப் பண்ணை. உதகையை அடுத்த சாண்டிநல்லாவில் ஓர் ஆடு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மென்மையான கம்பளிக்குப் பெயர்பெற்ற நீலகிரி ஆட்டினத்தைத் தலைமுறை தலைமுறையாக அங்கே பேணுகிறார்கள். ஒரு குட்டியின் எடையில் கிடாயின் மரபும் உண்டு, தாயின் பாலும் உண்டு, அந்த ஆண்டின் புல்லும் உண்டு. மூன்றையும் பிரிக்கவே அந்த நிலையத்தின் பதிவுகளில் ஆய்வாளர்கள் கலப்பு மாதிரியைப் பொருத்தினார்கள். ஆண்டு, பருவம் போன்றவை நிலையான விளைவுகள். விலங்கின் மரபு தற்செயல் விளைவு. இரண்டையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் தீர்க்க வழி சொன்னவர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறவை மாடுகளை ஆராய்ந்த சார்லஸ் ஹெண்டர்சன். எடையில் மரபின் பங்கு கால்வாசி என்று வைத்துக்கொள்வோம். 5 குட்டிகளை மட்டுமே வைத்து ஒரு கிடாயின் மேன்மையைச் சொன்னால் இந்தக் கணக்கு அதில் கால்பங்கைத்தான் நம்பி, மீதிக்குப் பொதுச் சராசரிப் பக்கம் இழுத்துவிடும்; 45 குட்டிகள் இருந்தால் முக்கால்பங்கு. எடையில் மரபுக்கு உள்ள பங்கு போன்றவற்றையே தரவிலிருந்து மதிப்பிடும் வழிகளை 1970களின் தொடக்கத்தில் சி. ஆர். ராவும், தனியே பேட்டர்சனும் தாம்சனும் தந்தார்கள்.

தரவு பெருத்தபோதுதான் சிக்கல் முற்றியது. 10 லட்சம் விலங்குகள் என்றால், யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதும் அட்டவணைக்கு ஒரு லட்சம் கோடி கட்டங்கள் வேண்டும். கணக்குக்குத் தேவையோ அதன் தலைகீழி, அதாவது நேர்மாறு அட்டவணை. 1976இல் ஹெண்டர்சன் கண்டது, அந்தப் பேரட்டவணையை எழுதவே வேண்டாம் என்பது. தாய் தந்தையின் மரபு தெரிந்தால் பாட்டன் பூட்டனைக் கேட்க வேண்டியதில்லை. அதனால் ஒவ்வொரு விலங்குக்கும், அதன் பெற்றோரையும் சேர்த்து, அதிகம் போனால் ஒன்பது எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் தலைகீழி நேராகக் கிடைத்துவிடும். லட்சம் கோடி, ஒரு கோடிக்குள் அடங்கிவிட்டது. மற்றக் கட்டங்களெல்லாம் பூஜ்யம். 1980களில் சமன்பாடுகளையும் நினைவகத்தில் வைக்காமல், தரவுக் கோப்பையே திரும்பத் திரும்பப் படித்து விடையை நெருங்கும் முறைகள் வந்தன. 1989இல் அமெரிக்க வேளாண் துறை நாட்டின் கறவை மாடுகளை இவ்வழியில் மதிப்பிடத் தொடங்கியது.

இவ்வளவு தரவு இருக்கும்போது மாதிரி எதற்கு, நேரடிச் சராசரி போதாதா என்று கேட்கலாம். பெருந்தரவு என்பது பெரும்பாலும் சிறுதரவுகளின் குவியல்தான். வரிகள் கோடி இருந்தாலும் ஒரு மாட்டுக்கு இருப்பது சில ஈத்துகளின் கணக்கு மட்டுமே. இன்னொரு கேள்வி இன்னும் கூர்மையானது. எல்லாவற்றையும் பொதுச் சராசரிப் பக்கம் இழுக்கும் முறை, அவலாஞ்சி போன்ற தனித்த இடத்துக்கு அநீதி இழைக்காதா? நீண்ட பதிவுள்ள மழைமானியை அது அதிகம் இழுப்பதில்லை. பல ஆண்டுகளாக அதிகம் பெய்யும் ஊரை அதிகம் பெய்யும் ஊராகவே விட்டுவிடும். ஆனாலும் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. மணிவடிவப் பரவலை நம்பும் சாதாரணக் கலப்பு மாதிரி வழக்கமான மழையைச் சொல்லும். நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழையைச் சொல்ல அதனிடம் கேட்கக் கூடாது. அணையின் மதகை அளப்பவருக்கு வேறு கணக்கு வேண்டும்.

இந்த வரம்புக்குள் இருந்தாலும் வரலாறு தரும் பாடம் மாறவில்லை. சாண்டிநல்லாவின் சில ஆயிரம் குட்டிகளுக்கும் அமெரிக்காவின் மாட்டு மந்தைகளுக்கும் ஒரே கணக்கு பொருந்துவதற்குக் காரணம், இரண்டு ஏடுகளிலும் எடைக்குப் பக்கத்தில் தாய், தந்தை, பிறந்த நாள் என்ற பத்திகள் இருப்பது. இன்று தரவைக் குவிக்கும் அவசரத்தில் முதலில் உதிர்ந்துபோவதும் அந்தப் பத்திகள்தான்: எந்த மழைமானி, எந்தக் கை, எந்தத் தோட்டம். அவற்றை இழந்த ஏட்டில் எத்தனை கோடி வரி இருந்தாலும், கிடைப்பது எந்த ஊருக்கும் பொருந்தாத அந்த ஒரே சராசரிதான்.