பனிப் பூவைப் படம் பிடித்த விவசாயி

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் துளி. தலைக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகும்போது தெரு முனையை மறைக்கும் மூட்டம். வானத்திலிருந்து வெள்ளையாகக் கொட்டுவதையும் பனி என்றுதான் சொல்கிறோம், ஆனால் அதை நம்மில் பலர் சினிமாவில்தான் பார்த்திருப்போம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் சிலர் நேரிலும் பார்த்திருப்பீர்கள். அப்படிக் கொட்டும் பனியில் ஒவ்வொரு துகளும் ஆறு இதழ் பூப்போல இருக்கும் என்பதை உலகத்துக்குப் படம் பிடித்துக் காட்டியவர் ஒரு விவசாயி. அவர் பெயர் வில்சன் பென்ட்லி. இதற்காக அவர் எந்த நாட்டுக்கும் பயணம் போகவில்லை. பிறந்த வீட்டின் வாசலிலும் விறகுக் கொட்டகையிலுமே ஐம்பது வருட வேலையை முடித்தார்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்று ஒரு சிறிய மாநிலம். அங்கே ஜெரிக்கோ என்ற கிராமம். குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 10 அடிப் பனி விழும் இடம். 1865 பிப்ரவரி 9-ஆம் தேதி அங்கே ஒரு பால்மாட்டுக் குடும்பத்தில் பென்ட்லி பிறந்தார். தாயார் ஃபேன்னி முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகனுக்குப் பதினான்கு வயது வரை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆசிரியை வேலை பார்த்த நாளில் உபயோகித்த ஒரு பழைய மைக்ரோஸ்கோப் அந்த அம்மாளிடம் இருந்தது. மகனின் பதினைந்தாவது வயதில் அதைக் கையில் கொடுத்தார். பையன் இலை, இறகு, கல் என்று எதையெதையோ வைத்துப் பார்த்தான். ஒரு நாள் பனித் துகளை வைத்துப் பார்த்தான். அதோடு அவன் வாழ்க்கையின் திசை முடிவாகிவிட்டது.

பார்த்ததை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டுமே. முதலில் பென்சிலால் வரைந்து பார்த்தார். பாதி வரைவதற்குள் பனி உருகிவிடும். இந்தச் சங்கடம் அவருக்கு முன்பும் பலருக்கு இருந்தது. பனித் துகளுக்கு ஏன் எப்போதும் ஆறு மூலை என்று ஜெர்மானிய வானியலாளர் கெப்ளர் 1611-இலேயே ஒரு சிறு நூல் எழுதினார். ராபர்ட் ஹூக் 1665-இல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரைந்து வெளியிட்டார். ஆனால் கையால் வரைந்தது எவ்வளவு சரி என்று யார் சொல்வது? மூலப் பொருள்தான் உருகிப் போய்விட்டதே!

மைக்ரோஸ்கோப்பையும் காமிராவையும் இணைத்தால் படம் எடுக்கலாம் என்று பென்ட்லி படித்துத் தெரிந்துகொண்டார். அதற்கு ஆன செலவு சுமார் 100 டாலர். அந்தக் காலத்தில் ஒரு சிறு விவசாயிக்கு அது பெரிய தொகை. அப்பாவுக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மாட்டுக்குத் தீனி யார் போடுவது? அம்மா மன்றாடித்தான் வாங்கிக் கொடுக்க வைத்தார். ஆனால் வாங்கிய பிறகும் லேசில் படம் விழவில்லை. சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் தானே தட்டுத் தடுமாறிக் கற்றார். கடைசியில் 1885 ஜனவரி 15-ஆம் தேதி, இருபது வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, முதல் தெளிவான படம் கிடைத்தது. பனித் துகளை மைக்ரோஸ்கோப் வழியாகத் தெளிவாகப் படம் எடுத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பனி விழ ஆரம்பித்ததும் கறுப்பு வண்ணம் பூசிய ஒரு பலகையை வெளியே நீட்டுவார். அதில் விழுவதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, நன்றாக இருக்கும் ஒரு துகளை மெல்லிய மரச் சிம்பால் தொட்டு எடுப்பார். கண்ணாடிச் சில்லில் வைத்து, பறவை இறகால் மெதுவாக அழுத்திப் படிய வைப்பார். அந்தக் கொட்டகையில் அடுப்பு, கணப்பு எதுவும் கிடையாது. வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் உள்ளேயும் இருக்க வேண்டும். தன் மூச்சுக் காற்று பட்டாலே துகள் போய்விடும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இதையெல்லாம் செய்வார். பிறகு காமிராவை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, ஒளி துகளின் ஊடே வரும்படி வைத்து, கண்ணாடித் தகட்டில் பதிவு செய்வார். காமிராவின் துருத்தி மிக நீளம். பின்னால் நின்றுகொண்டு முன்னால் உள்ள மைக்ரோஸ்கோப்பைத் திருகக் கை எட்டாது. அதற்குக் கயிறும் சக்கரமும் வைத்து அவரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்.

நம் வயதுக்காரர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். ஒரு பிலிம் ரோலில் 36 படம், அதில் எத்தனை தேறும் என்பது கழுவி வந்த பிறகுதான் தெரியும். ஸ்டூடியோ இருட்டறையில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் படம் மெல்ல எழுந்து வருவதைப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. பென்ட்லிக்கு ரோல்கூடக் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு. பனிப் புயல் எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் நல்ல துகள் விழுமா என்று தெரியாது. இப்படியே ஆயுள் முழுவதும் சேர்த்து 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்.

பனி இல்லாத நாட்களிலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் படரும் உறைபனி, சிலந்தி வலையில் கோத்த பனித்துளி, விடியற்காலையில் நனைந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் தத்துக்கிளி என்று வீட்டைச் சுற்றி இருந்ததையெல்லாம் படம் எடுத்தார். மழைத்துளியின் அளவைக் கண்டுபிடிக்க அவர் கையாண்ட வழி அலாதியானது. ஒரு தட்டில் சலித்த மாவைப் பரப்பி, சில விநாடி மழையில் காட்டுவார். ஒவ்வொரு துளியும் ஒரு மாவு உருண்டையாகத் திரண்டுவிடும். காய்ந்த பிறகு அளந்து பார்ப்பார். அளவு தெரிந்த துளிகளை முன்பே மாவில் விட்டுச் சரிபார்த்து வைத்திருந்ததால் கணக்குத் தப்பாது. 1904-இல் இது வானிலை இதழில் கட்டுரையாக வெளிவந்தது. மழைத்துளி பற்றிய ஆராய்ச்சியில் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். சமையலறைச் சாமானை வைத்துச் செய்த விஞ்ஞானம்!

ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்கள்? கிறுக்கன் என்றுதான். ஒருமுறை, இத்தனை வருடம் என்ன செய்கிறேன் என்று நம் ஊர் ஜனங்களுக்கும் காட்டுவோம் என்று இலவசமாக ஸ்லைடு காட்சிக்கு ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. அதே சமயம் கல்லூரிகளும் மியூசியங்களும் அவரிடம் ஸ்லைடு கேட்டு எழுதிக்கொண்டிருந்தன. ஒரு ஸ்லைடுக்கு அவர் வாங்கியது 5 சென்ட். போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. 1924-இல் அமெரிக்க வானிலைச் சங்கம் அவருக்கு 25 டாலர் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அந்தச் சங்கம் கொடுத்த முதல் ஆராய்ச்சி உதவித்தொகையே அதுதான்.

கேலியைவிட அவரை அதிகம் பாதித்திருக்கக் கூடியது வேறொன்று. பெர்லினில் குஸ்டவ் ஹெல்மன் என்ற பெரிய வானிலை அறிஞர் இருந்தார். பென்ட்லி தன் படங்களில் கைவைத்து அழகு சேர்க்கிறார், துகளின் ஓரத்தை மாற்றுகிறார் என்று அவர் குற்றம் சாட்டினார். இதில் உண்மை என்ன? பென்ட்லி எடுத்த படத்தில் பின்னணி வெளிறி இருக்கும், வெள்ளைத் துகள் எடுப்பாகத் தெரியாது. அதனால் நெகட்டிவுக்கு ஒரு பிரதி எடுத்து, துகளைச் சுற்றியுள்ள பூச்சைக் கத்தியால் சுரண்டிவிடுவார். அச்சிடும்போது பின்னணி கரு கரு என்று வரும், நடுவே பூ மலர்ந்து நிற்கும். மூல நெகட்டிவைத் தொடவில்லை, துகளின் உட்புறத்திலும் எதையும் சேர்க்கவில்லை. ஆனால் பல மணி நேரம் ஓரத்தைக் கத்தியால் சுரண்டும்போது கோடு மயிரிழை அளவாவது விலகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஹெல்மன் பக்கம் இன்னொரு நியாயமும் இருக்கிறது. விழும் பனியில் பெரும்பாலானவை உடைந்தும் ஒட்டியும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆறு பக்கமும் ஒன்றுபோல் அமைந்தவை அபூர்வம். பென்ட்லி அந்த அபூர்வமானவற்றையே தேடித் தேடி எடுத்தார். எனவே அவர் படங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு, பனி என்றாலே பிசகில்லாத கோலம் என்ற எண்ணம் வந்துவிடும். கல்யாண ஆல்பத்தைப் பார்த்து அந்தக் குடும்பத்தில் சண்டையே கிடையாது என்று முடிவு கட்டுவது போல. அவர் பொய் சொல்லவில்லை, அழகானதை மட்டும் பொறுக்கிக் காட்டினார் என்பதே என் தீர்மானம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, கையில் காமிரா பிடிக்கும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்ற அவருடைய முடிவும் உலகப் புகழ் பெற்றது. அதற்குக் காரணம் எளிமையானது. தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்ளும், அதனால் ஆறு மூலை. அதன் பிறகு எந்த வெப்பநிலை, எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்து வடிவம் மாறும். உறைநிலைக்கு 5 டிகிரி கீழே ஊசியும் தூணுமாக வளரும். 15 டிகிரி கீழே போனால் கிளை விட்ட நட்சத்திரமாக மலரும். மேகத்திலிருந்து தரைக்கு ஒவ்வொரு துகளும் வரும் பாதை வேறு. ஆகவே முகமும் வேறு.

1931-இல் அமெரிக்க வானிலைத் துறையின் ஹம்ஃப்ரீஸ் என்ற அறிஞர் முன்னுரையோடு, 2,400-க்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அவருடைய புத்தகம் வெளிவந்தது. அடுத்த சில வாரங்களில் பனிப் புயலில் நடந்து வீடு திரும்பியவருக்கு நிமோனியா கண்டது. டிசம்பர் 23-ஆம் தேதி, பிறந்த பண்ணை வீட்டிலேயே காலமானார். வயது 66. திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசி வரை விவசாயத்தையும் விடவில்லை.

அந்தப் புத்தகம் ஜப்பானுக்குப் போனது. நகாயா உகிச்சிரோ என்ற இயற்பியலாளர் அதைப் பார்த்துத் தூண்டுதல் பெற்று, 1936-இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகக் குளிரறையில், முயல் ரோமத்தின் நுனியில் உலகின் முதல் செயற்கைப் பனித் துகளை வளர்த்துக் காட்டினார். எந்தச் சூழ்நிலையில் எந்த வடிவம் வரும் என்ற கணக்கு அங்கிருந்துதான் தெளிவானது. ஜெரிக்கோவில் கிறுக்கன் என்று பெயர் வாங்கியவரை இன்று அந்த ஊரே 'ஸ்னோஃப்ளேக் பென்ட்லி' என்று சொந்தம் கொண்டாடுகிறது. ஊரின் பழைய மில் கட்டடத்தில் அவருடைய படங்களையும் காமிராவையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.