டிராம் போன பாதை



நேற்று திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினேன். அப்பா நினைவு வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "டிராம் இருந்தவரைக்கும் கால்வலி தெரியல" என்பார்.

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7-இல் நம் மதராஸில்தான் ஓடியது. துறைமுகத்தையும் ஊரையும் இணைத்தது. 1921-இல் 97 வண்டிகள். பிறகு நட்டம், 1953 ஏப்ரல் 12-இல் நின்றே போனது.

ஸ்பெயினின் வாலென்சியா நகரமும் 1970-இல் டிராமை மூடியது. ஆனால் 1994-இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. நம் வடசென்னைக்கோ, வண்ணாரப்பேட்டை தாண்டி விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில்தான். இடையில் 68 ஆண்டுகள்!

அப்பா அதைப் பார்க்கவில்லை. பிள்ளைகளே, ஒன்றை மூட ஒரு நாள் போதும். திரும்பப் பெற ஒரு தலைமுறை போய்விடுகிறது.